தலையோடு திரும்பும் வளைவு

சிஸ்டர் பிரிஜித்தாவைக் குரு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னிடம் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது, அவ்வளவுதான் என்பார். பிடிக்காவிட்டாலும் குருதான். வெள்ளக்கல் மலை கான்வென்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவர். நாற்பத்து நான்கு வயது. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். மறுபடி கேட்டால், சொன்னபோது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பார்.

சீடர் மாரப்பன் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மினி பஸ் டிரைவர். அடிவாரத்திலிருந்து கடைசி நடையாக மேலே வருகிற வண்டி ராத்திரி மலையிலேயே நிற்கும். காலையில் முதல் நடையாகக் கீழே இறங்கும். அதற்கு ஹால்ட் வண்டி என்று பெயர். ஹால்ட் வண்டி டிரைவருக்கு இருட்டிய பிறகு மலையில் ஒரு வேலையும் கிடையாது. சீட்டாடலாம், குடிக்கலாம், வானத்தைப் பார்க்கலாம். மாரப்பன் முதல் இரண்டையும் ஆசை தீரச் செய்துவிட்டு மூன்றாவதற்கு வந்தவர்.

டெலஸ்கோப்பை மலைக்குக் கொண்டுவந்ததே அவர்தான். தண்ணீர் டிரம் கனத்துக்கு ஒரு குழாய். அதைப் பஸ் கூரையில் மெத்தை விரித்துக் கட்டினார். சிஸ்டர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு வந்தார். மேலே வந்து பிரித்தபோது ஒரு கீறல் இல்லை. இது என்னவென்று பார்க்காமல் நகரமாட்டேன் என்று மாரப்பன் நின்றுவிட்டார். அன்றைக்குச் சனி கிரகம் இருந்தது. முதலில் பார்த்த மதர் சுப்பீரியர், யாரோ உள்ளே படம் ஒட்டியிருக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு தூங்கப் போனார். மாரப்பன் கண்ணை எடுக்காமல் பார்த்தார். மறுநாள் ராத்திரியும் வந்தார்.

மொட்டை மாடியில் சிஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. பார்த்தவர் உடனே பேசக் கூடாது. கைப்பிடிச் சுவரோரம் போய், பார்த்ததைக் காகிதத்தில் வரைந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். இல்லாவிட்டால் முதலில் பார்த்தவர் ஒன்று சொல்வார், பின்னால் வருகிற பத்துப் பேருக்கும் அதுவே தெரியும். கோயில் கூட்டத்தில் அம்மன் கண் சிமிட்டியதாக ஒருத்தி சொன்னால் போதாதா, அது போலத்தான்.

மாரப்பனுக்கு வரைய வராது. ஆனால் பொய்யாக வரைய மாட்டார். வெறும் புகையாகத் தெரிந்தால் பென்சிலை விரலால் தேய்த்துப் புகையாகவே கொடுப்பார். சிஸ்டருக்கு அவரிடம் பிடித்தது அதுதான். அதை அவரிடம் சொன்னதில்லை.

அஸ்த நட்சத்திரம் எல்லாருக்கும் தெரியும். ஜோசியருக்கு அது கை. வெள்ளைக்காரருக்கு அது காக்கா. அந்தக் காக்காவுக்குப் பக்கத்தில் இரண்டு கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதி, கோணிப்போய்க் கிடக்கின்றன. நல்ல இருட்டில் நம் குழாயில் பார்த்தால் கட்டைவிரல் நகமளவு ஒரு மங்கல், ஒரு பக்கம் வளைந்து தெரியும். சிஸ்டர் கடற்கரை ஊர்க்காரர். இறால் என்பார். மாரப்பன் இறாலைக் கண்டவரில்லை. அவருக்கு அது கொண்டை ஊசி.

முதல் முறை அதைப் பார்த்துவிட்டு, இது ஏன் இப்படிக் கோணிப்போனது என்று கேட்டார்.

சிஸ்டர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். எதிர்ப்பக்கமிருந்து நடந்து வந்து, அவரை இடிக்காமல் உரசினாற்போல் கடந்து போனார். போகிற போக்கில் அவர் தோளில் கிடந்த துண்டின் நுனி சிஸ்டர் கையோடு போயிற்று. துண்டு நீண்டு, முறுகி, பாதி தரையில் இழுபட்டது.

"இப்படித்தான்" என்றார்.

"இதுல யாரு மேலங்க தப்பு?"

"துண்டைக் கேளுங்க."

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டார்.

"கோணிப்போனது அதுக்குத் தெரியுமாங்க?"

சொல்லத் தெரியாததைச் சொல்லும் பழக்கம் சிஸ்டருக்கு இல்லை.

இது நடந்தது போன வருஷம். இந்த வருஷம் தை மாதம், குடியரசு தின விழாவுக்கு மேடை கட்டும்போது, ஸ்கூல் கொடிக்கம்பம் சாய்ந்திருப்பதாக மாரப்பன் சொன்னார். நடுவில் வயிறு தள்ளினாற்போல் வளைந்திருக்கிறது, பிள்ளைகள் மேல் விழுந்து வைக்கும் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். சிஸ்டர் கொத்தனாரை வரவழைத்தார். கொத்தனார் மேலேயிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கம்பம் நூல் பிடித்தாற்போல் நின்றது. நம்ம டிரைவர் அண்ணன் காலையிலேயே ஊற்றிக்கொண்டாரா என்று கொத்தனார் சிரித்தார். மாரப்பனும் கூடச் சிரித்தார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. கீழே டவுனில் நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு நாள் போய்வாருங்கள் என்றார். ஆகட்டுங்க என்றார் மாரப்பன். போகவில்லை.

அவருக்குத் தெரியும். நேரான கோடு எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு நெளிவு விழ ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பி, மின் கம்பம், ரோட்டின் வெள்ளைக் கோடு. மாசியில் ஒரு வளைவில் வண்டியின் பக்கவாட்டுத் தகடு தடுப்புச்சுவரில் உராய்ந்தது. சுவர் புடைத்திருக்கிறது என்று கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் நம்பினார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர் சுவரைச் சொன்னால், சுவரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

காலை முதல் நடையில் யாரெல்லாம் வருவார்கள் என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். பலாப்பழமும் மிளகு மூட்டையுமாகச் சந்தைக்குப் போகிற பெண்கள். கல்லூரிப் பிள்ளைகள். மாதா மாதம் பரிசோதனைக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள். மாரப்பன் ஓட்டினால் வாந்தி வராது என்று அவருடைய நடைக்காகவே காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு. ஸ்டியரிங்கை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. வேறு பெயரும் கிடையாது. வீட்டில்கூட அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கொடிக்கம்பத்துக்குப் பிறகு அவர் மாடிக்கு வருவது குறையவில்லை. கேட்பதுதான் மாறியது. நிலா வேண்டாம், சனி வேண்டாம், நட்சத்திரக் கூட்டம் வேண்டாம். அந்தக் கோணல் கேலக்ஸியைப் போடுங்கள் என்பார். பார்ப்பார், வரைவார், நன்றாக வளைந்திருக்கிறது என்பார். கூட இருப்பவர்களும் ஆமாம், வளைந்திருக்கிறது என்பார்கள். அவர் முகம் தெளியும். எல்லாருக்கும் கோணலாகத் தெரிகிற ஒரு பொருள் உலகத்திலேயே அது ஒன்றுதான். வேறு எதைப் பார்த்தாலும் அவர் தனியாகிவிடுவார்.

சிஸ்டர் இதைப் பங்குனி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை அமாவாசைக்கு டவுனிலிருந்து வானம் பார்க்கிற கோஷ்டி மலையேறி வந்தது. மாதம் ஒரு முறை வருவார்கள். ஆளுக்கொரு டெலஸ்கோப். அவர்களில் பல் டாக்டர் செங்குட்டுவனுடையதுதான் பெரியது. பீரங்கி மாதிரி இருக்கும். ஜெர்மனிச் சாமான் என்பதை அவர் சொல்லாமல் விட்ட ராத்திரி கிடையாது. அன்று மாட்டி முடித்துப் பார்த்தவர், உங்கள் மலைக்காற்று சரியில்லை, நட்சத்திரமெல்லாம் முக்கோணமாகத் தெரிகிறது என்று சிஸ்டரிடம் புகார் சொன்னார்.

"தலையைத் திருப்பிப் பாருங்க டாக்டர்."

டாக்டர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"முக்கோணமும் கூடத் திரும்புதா?"

"இல்லையே. அப்படியேதான் இருக்கு."

"அப்போ உங்க கண்ணு தப்பிச்சது. குழாயைத் திருப்புங்க."

வளையத்தைத் தளர்த்திக் குழாயைக் கால் சுற்றுத் திருப்பினார்கள்.

"இப்போ?"

"திரும்புது சிஸ்டர்."

"வானமும் தப்பிச்சது. கண்ணாடியை எவ்வளவு இறுக்கியிருக்கீங்க?"

மலை ஏறும்போது வளைவில் ஆடுமே என்று, கிளம்புகிறதுக்கு முன்னால் அடியிலுள்ள கண்ணாடியின் பிடிகளைத் தானே முறுக்கிவிட்டதாக டாக்டர் ஒத்துக்கொண்டார். மூன்று பிடி. மூன்று பக்கமும் நெருக்கிக் கண்ணாடி கோணியிருந்தது. பல்லாக இருந்தால் அந்த அளவுக்கு இறுக்கலாம் என்றார் சிஸ்டர். கீழ் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பிடியையும் கொஞ்சம் தளர்த்தினார். தன் கடியாரத்தை யாரோ அம்மிக்கல்லில் வைத்ததுபோல் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மாட்டிப் பார்த்தபோது நட்சத்திரம் கடுகுபோல் நின்றது.

சிவப்பு டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மாரப்பன். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைபோல் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தலையோடு திரும்பினால் கண். குழாயோடு திரும்பினால் கண்ணாடி. எதோடும் திரும்பாமல் நின்றால் அது வானம்.

"சரிதானுங்களே?" என்று கேட்டார்.

"சரிதான்" என்றார் சிஸ்டர்.

கான்வென்ட் சமையற்கட்டிலிருந்து உப்புமா தயாரென்று ஆள் வந்து சொன்னார். அத்தனை பேரும் கீழே இறங்கினார்கள். வானத்துக்காக மலையேறுகிறவர்கள் உப்புமாவுக்காக வானத்தை விட்டுவிட்டுப் போவதைச் சிஸ்டர் மாதா மாதம் பார்க்கிறார். மாரப்பன் போகவில்லை. காக்கா உச்சிக்கு வந்திருந்தது.

"நம்ம கொண்டை ஊசியைப் போடுங்க சிஸ்டர்."

சிஸ்டர் தன் குழாயைத் தள்ளினார். அந்தக் காக்காவின் இன்னொரு பக்கத்தில் வேறொரு கேலக்ஸி இருக்கிறது. பக்கவாட்டில் தெரிவது. நூலால் அறுத்து வைத்த இட்லிபோல நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. வானத்தில் அதைவிட நேரான கோடு தேடினால்தான் உண்டு. சிஸ்டர் அதை நடுவில் நிறுத்திவிட்டு நகர்ந்தார்.

"பாருங்க."

மாரப்பன் குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. சுவரோரம் போய் வரைந்துகொண்டு வந்தார். காகிதத்தில் ஒரு வளைவு இருந்தது.

"இன்னைக்கு நல்லாவே வளைஞ்சு தெரியுதுங்க."

"வளைவோட வயிறு எந்தப் பக்கம்?"

"கீழங்க. கீழ ஒரு சின்ன நட்சத்திரம் இருக்குது பாருங்க, அதைப் பார்த்து."

"சரி. இந்தப் பக்கம் வந்து நின்னு பாருங்க."

மாரப்பன் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கத்திலிருந்து குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. பிறகு பழைய இடத்துக்கே போய்ப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார். சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே டாக்டர் எதற்கோ பெரிதாகச் சிரிப்பது கேட்டது.

"நட்சத்திரம் இருந்த இடத்துலயேதான் இருக்குதுங்க" என்றார் மாரப்பன்.

"வளைவு?"

"தலையோட வருதுங்க."

இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நம்ம கொண்டை ஊசி இல்லைங்களா?"

"இல்லை. இது நேரானது."

"ஏமாத்திட்டீங்களே சிஸ்டர்."

"ஆமா."

மாரப்பன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வரைந்த காகிதம் கையிலேயே இருந்தது. அதைக் கிழிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். கொடிக்கம்பத்திலிருந்து என்றார் சிஸ்டர். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னேனே என்றார்.

பிறகு மாரப்பன் தானாகவே பேசினார். வண்டி முதலாளி நல்லவர்தான், ஆனால் விஷயம் காதில் விழுந்தால் மறுநாளே சாவியை வாங்கிவிடுவார். வாங்கினால் தப்பில்லை. ஆனால் அந்த ரோடு தனக்கு மனப்பாடம். எந்த வளைவில் எத்தனை அடி, எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே காலையில் ஈரம் இருக்கும், எல்லாம் கைக்குத் தெரியும். கண்ணே வேண்டாம்.

"கண்ணை மூடிக்கிட்டுக்கூட நான் இந்த மலையை..."

நிறுத்திக்கொண்டார்.

சிஸ்டர் டெலஸ்கோப் வாயை மூடினார். நேரத்தோடு படுக்க வேண்டும் என்றார். காலையில் கீழே மறைமாவட்ட அலுவலகத்தில் வேலை இருக்கிறதாம்.

"எந்த வண்டிக்குங்க?"

"உங்க வண்டிக்குத்தான். முதல் நடை."

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கீழே, ஸ்கூல் வாசலுக்கு எதிரே, ஹால்ட் வண்டி விளக்கில்லாமல் நின்றது.

"நீங்க நாளைக்கு மொத வண்டியில வர வேண்டாங்க சிஸ்டர்."

"ஏன்?"

"மத்தியானம் வேற டிரைவர் வருவாப்ல. சின்ன வயசுப் பையன். அவன்கூடப் போங்க."

"சரி" என்றார் சிஸ்டர். "நான் வரலை. உங்க வண்டியில நாளைக்கு யார் வரலாம்?"